பேப்பரில் வராத ஆடு

நவம்பர் 3, திங்கள்

இந்த நோட்டை நானே கடையில் கேட்டு வாங்கினேன். அட்டையில் என் பெயரையும் நானே எழுதினேன். ஒலி முகமது, பேகம்பூர், திண்டுக்கல். எழுதிவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தேன். கிட்டே வைத்தும் பார்த்தேன். இரண்டு விதமாகவும் நன்றாகத்தான் இருக்கிறது.

மாலை வகுப்பில் தமயந்தி டீச்சர் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்து ஒரு வருடம் ஆகப் போகிறது. இப்போது எங்களைப் போலப் புதிதாகப் படித்தவர்களின் கதைகளைப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். "தினமும் எழுதுங்க பாய். நாலு வரியாவது. கை பழகணும்" என்றார். அதனால்தான் இந்த நாட்குறிப்பு.

ஆயுள் முழுக்க என் கறிக்கடையில் கதை சொன்னவன் நான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பையோடு நிற்கிற கூட்டம் அடித்துக்கொள்ளாமல் இருந்தது என் கதையால்தான். அந்தப் புத்தகத்தில் என் கதை வராவிட்டால் வேறு யாருடையது வரும்?

கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று பேப்பர் முழுவதையும் துணையில்லாமல் வாசித்தேன். காலையில் ஆரம்பித்து சாயங்கால அஸர் தொழுகைக்குள் முடித்துவிட்டேன்.

முடித்ததும் எரிச்சல்தான் வந்தது. என்ன பேப்பர் இது? தங்கம் விலை, சாலை மறியல், நாளை இந்தப் பகுதிகளில் குடிநீர் வராது. இதற்கா நான் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்தேன்?

முன்பெல்லாம் எப்படிப்பட்ட செய்திகள் வரும்! கடையைக் கழுவிவிட்டுக் குளித்து, சோற்றுக்கு உட்கார்ந்தால், என் மனைவி ஜெய்த்தூன் பேப்பரை விரித்து வாசிப்பாள். அவள் எட்டாவது வரை படித்தவள். வத்தலக்குண்டில் ஒரு பெரியவர் தான் இறந்துபோனதாகச் செய்தி கேட்டு, தன் வீட்டுக்கே வந்து, பந்தல்காரனிடம் வாடகை அதிகம் என்று சண்டை போட்டது. வழி தப்பிய லாரி டிரைவர் ஒருவர் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக இருந்துவிட்டு வந்தது. இதெல்லாம் பேப்பரில் வந்தவை. அதைத்தான் மறுநாள் நான் கடையில் சொல்வேன். நான் படிக்கக் கற்றுக்கொண்ட நேரம் பார்த்துப் பேப்பர் கெட்டுப்போய்விட்டது.

ஜெய்த்தூனிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "காலமே கெட்டுப்போச்சுங்க. பேப்பர் மட்டும் என்னா செய்யும்?" என்றாள். உடனே இருமல் வந்து உள்ளே போய்விட்டாள். இருமல் வெகுநேரம் நிற்கவில்லை. கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னேன்.

நவம்பர் 5, புதன்

சவரிமுத்துவின் பேப்பர் கடைக்குப் போய்க் கேட்டேன்.

"நல்ல பேப்பர யாருக்குய்யா ஒளிச்சு வச்சுக் குடுக்குற? எனக்கு மட்டும் சவ்வு சவ்வாத் தள்ளிவிடுற?"

"பாய், இதுல ஈரல் தனி, நெஞ்செலும்பு தனின்னு கெடையாது. கலெக்டருக்கும் இதே பேப்பர்தான்" என்றான்.

வேறு இரண்டு பேப்பர் வாங்கி வந்தேன். அவற்றிலும் குடிநீர் வராதாம்.

நவம்பர் 6, வியாழன்

டீச்சர் சொன்ன பழக்கத்தோடு நானாக ஒரு பழக்கம் சேர்த்துக்கொண்டேன். தினமும் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் பேப்பரிலிருந்து ஒரு செய்தியைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன். இப்போது செய்தி மோசமாக இருக்கலாம். ஆனால் எழுதுகிற முறை அதே முறையாகத்தானே இருக்கும்? அந்த முறை கையில் படிந்துவிட்டால் எனக்குத் தெரிந்த நல்ல கதைகளை அதில் எழுதிவிடலாம்.

புத்தகத்துக்கு நத்தம் ஆட்டுக் கதையைக் கொடுக்கப் போகிறேன். என் கடையிலேயே பெரிய கதை அதுதான். நத்தத்தில் ஒருவன் சினை ஆட்டைத் திருடிக்கொண்டு போகிறான். பாதி வழியில் ஆட்டுக்கு வலி வந்துவிடுகிறது. விட்டுவிட்டு ஓட மனமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறான். இரண்டு குட்டி. மூன்றையும் சுமந்துகொண்டு திருடிய வீட்டுக்கே வருகிறான். அந்த வீட்டுக்காரி மோர் கொடுத்துவிட்டுக் கேட்கிறாள்: "நீ தூக்கிட்டுப் போனது ஒண்ணு. கொண்டாந்தது மூணு. மிச்சம் ரெண்டும் யாரோடது?" அதோடு ஒரு குட்டியை அவனுக்கே கொடுத்து அனுப்புகிறாள்.

குட்டி யாருக்குச் சேரும் என்று கடையில் ஒரு வாரம் சண்டை. வக்கீல் குமாஸ்தா ஒருவர் சட்டப் புத்தகத்தோடு வந்தார். இதெல்லாம் பேப்பரில் வந்தது என்று சொன்ன பிறகுதான் அவர் வாயை மூடினார்.

மத்தியானம் ஜெய்த்தூன் மூக்குக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தாள். பேப்பர் என் கையில் இருந்தது. "இனிமே நீ கண்ணக் கெடுத்துக்க வேணாம்" என்று அன்பாகச் சொன்னேன். கண்ணாடியைக் கூட்டில் போட்டு மூடிவிட்டு, "சரிங்க" என்று எழுந்து போனாள். அவளுக்கும் ஓய்வு வேண்டும்தானே.

நவம்பர் 9, ஞாயிறு

கதை முடிந்துவிட்டது! முதல் வரியும் கடைசி வரியும் இங்கேயும் இருக்கட்டும்.

"நத்தம் அருகே சினை ஆட்டைத் திருடிய வாலிபர், அதைக் குட்டிகளுடன் திரும்ப ஒப்படைத்த சம்பவத்தால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு ஏற்பட்டது... இதுகுறித்துப் போலீசார் விசாரித்து வருகின்றனர்."

இதைப் பேப்பரில் போட்டால் பேப்பர்க்காரன் எழுதியது என்றே நம்புவார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

என்ன அநியாயம்! டீச்சர் என் கதையை வாசித்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"பாய், எங்கப்பா உங்க கடையில கறி வாங்க வந்து, இந்தக் கதையக் கேட்டுட்டு வந்து எங்ககிட்ட சொன்னாரு. நான் அப்ப சின்னப் பிள்ள. அந்தத் திருடன நெனச்சு அழுதேன். அந்த ஆடு இந்தத் தாள்ல இல்லையே?"

"இல்லையா? நல்லாப் பாருங்க டீச்சர். மொத வரியிலேயே இருக்கு!"

"எழுத்து இருக்கு பாய். ஆடு இல்ல. அது சரி, இதுல போலீஸ் எதுக்கு வந்துச்சு?"

போலீஸ் இல்லாமல் முடிப்பது எப்படி? நான் பார்த்து எழுதிய செய்திகள் எல்லாம் அப்படித்தானே முடிகின்றன? வெறுமனே தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் கொதிப்பு. முறை தவறு என்றால் பேப்பர் தவறு. பேப்பர் தவறு என்றால் அந்த ஆட்டுக் கதை எப்படி அவ்வளவு நன்றாக வந்தது?

நவம்பர் 12, புதன்

ராத்திரியெல்லாம் யோசித்ததில் ஒன்று புரிந்தது. அந்தக் காலத்தில் வேறு ஒரு நிருபர் இருந்திருக்கிறார். வத்தலக்குண்டுப் பெரியவர், லாரி டிரைவர், நத்தம் ஆடு எல்லாம் ஒரே கையில் எழுதியது. ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அதனால்தான் பேப்பர் இப்படி ஆகிவிட்டது.

ஜெய்த்தூனிடம் கேட்டேன். "அந்தச் செய்தியெல்லாம் எழுதுனவரு பேரு போட்டிருக்குமா?"

"ஞாபகம் இல்லீங்க."

"அந்த மனுசன் மட்டும் கையில கெடச்சா, காலப் பிடிச்சுக்கிட்டுப் பாடம் கேப்பேன்."

கரண்டி கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனது.

"எழுதுனவுகளுக்கு வீட்டு வேலையே சரியா இருந்துருக்கும். பேரு போட நேரம் ஏது?" என்றாள். நிருபருக்கு என்ன வீட்டு வேலை?

நவம்பர் 15, சனி

என் கண்ணாடி மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். காது கம்பி ஒடிந்தது. மகன் ஜப்பார் அதைக் கடைக்குப் போகிற வழியில் சரிசெய்யக் கொடுத்திருக்கிறான். கண்ணாடி இல்லாமல் இதை எழுதுவதால் வரி கோணலாகப் போகிறது.

ஆனால் இன்று நல்ல நாள். வேறு வழியில்லாமல் ஜெய்த்தூனை வாசிக்கச் சொன்னேன். கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். துடைத்தது போதும் என்று சொல்லவேண்டி இருந்தது.

பேப்பர் திருந்திவிட்டது! கரண்டைத் துண்டிக்க ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். அந்த வீட்டுக்காரி கீழே இருந்த ஏணியை எடுத்துவிடுகிறாள். புருஷன் பில் கட்டிவிட்டு வரும்வரை அவர் மேலேயே இருக்கட்டும் என்கிறாள். மேலே இருக்கிற மனுஷன் காய்ந்துபோகக்கூடாது என்று கயிற்றில் தூக்குச்சட்டி கட்டி டீ அனுப்புகிறாள். அவர் சர்க்கரை கம்மி என்கிறார். சட்டி கீழே வந்து மறுபடி மேலே போகிறது.

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அதே கை! அந்த நிருபர் திரும்பி வந்துவிட்டார். நாளைக்கு அவர் பெயரைக் கண்டுபிடித்து எழுதிவைக்க வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

இதை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுவேன்.

மத்தியானம் ஜெய்த்தூன் வாசித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குச் செய்தி, கொடைரோடு ஸ்டேஷனில் தப்பான ரயிலில் ஏறிய ஒரு நாதஸ்வரக்காரரைப் பற்றியது. ஜப்பார் வந்து கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போனான். நிருபர் பெயரைப் பார்க்கலாம் என்று மாட்டிக்கொண்டு அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

அவள் விரல் ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தின் மேல்.

"எங்க இருக்கு?" என்றேன்.

"எது?"

"நாதஸ்வரம்."

"இங்கதான் எங்கயோ..."

"அது சேலைக்குத் தள்ளுபடி!"

பேப்பரை மெதுவாக மடித்தாள். "கண்ணாடி வந்துருச்சாக்கும்" என்றாள்.

"லைன்மேன்?"

"கரண்ட் பில்ல ஏத்தப் போறாங்கன்னு போட்டிருந்துச்சு."

"நத்தம் ஆடு? அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லு. நத்தம் ஆடு?"

"ஆடு நெசந்தாங்க. ஆடு திருடுன வாலிபர் கைதுன்னு ஒரு வரி. குட்டி நான் போட்டது."

"மோரு?"

"மோரும்தான்."

நான் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். எத்தனை வருடம்! "பேப்பரில் போட்டிருக்கிறது" என்று கடைவீதி முழுக்க நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன் நான். வக்கீல் குமாஸ்தாவை வாயடைத்து அனுப்பியவன் நான். இவள் வாயில் வந்ததை வாசிக்க, நான் சாட்சி சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்!

"ஏன் இப்படிச் செஞ்ச?"

"பின்ன? பேப்பர்ல சாவும் வெட்டுக் குத்தும்தான் இருக்கும். நீங்க விடியறதுக்கு முன்னாடி போயி, ரத்தத்துல நின்னுட்டு வந்து சோத்துக்கு உக்காருவீங்க. அப்பவும் அதையே வாசிக்கச் சொல்றீங்களா? ஒரு வாய்ச் சோறு எறங்கணும்ல? செத்தவங்கள அங்கங்க பொழைக்க வச்சேன். அம்புட்டுதான்."

நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவள் அசையவில்லை. சேலையைக் கணுக்கால் வரை தூக்கி, காலை நீட்டினாள்.

"காலப் பிடிச்சுப் பாடம் கேக்கணும்னீங்களே. இந்தாங்க."

நவம்பர் 17, திங்கள்

ஜெய்த்தூனோடு பேசவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. "ஏன் பேசவில்லை" என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் பெரிய அநியாயம். வகுப்புக்கும் போகவில்லை.

நவம்பர் 19, புதன்

கதை கொடுக்கிற நாள் நெருங்குகிறது. பேப்பரை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டு, யார் துணையும் இல்லாமல் புதிதாக ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி எழுதினேன். நாலாவது வரியில் எங்கிருந்தோ போலீஸ் வந்துவிட்டது. தாளைக் கிழித்தேன்.

ஆட்டுக் கதையையே எடுத்து, சுவரைப் பார்த்துச் சத்தமாக வாசித்தேன். அவளுக்காக இல்லை. அவள் அங்கே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பாதியில் திரும்பிப் பார்த்தால், பூண்டு மடியில் கிடக்க, தூங்கிக்கொண்டிருக்கிறாள்!

"நீ போட்ட ஆட்டுக்கு நீயே தூங்குறியா?" என்று கேட்டுவிட்டேன். பேசிவிட்டோமே என்று பிறகுதான் உறைத்தது.

"இது நான் போட்ட ஆடு இல்லீங்க. இது போலீஸ் ஸ்டேஷன்ல கட்டிப் போட்ட ஆடு."

இனி என்ன மானம் இருக்கிறது? கேட்டேன். "எப்படித்தான் செஞ்ச?"

உரித்த பூண்டையெல்லாம் கிண்ணத்தில் அள்ளிப் போட்டாள்.

"ஒங்க கையப் பாத்துத்தான். சோத்த உருட்டுற கை அப்படியே நின்னுச்சுன்னா, சரியாப் போயிட்டிருக்குன்னு அர்த்தம். மறுபடி உருட்ட ஆரம்பிச்சிட்டா, கேக்குறத விட்டுட்டீங்கன்னு அர்த்தம். ஒடனே எதையாச்சும் கொண்டாந்துருவேன். ஆட்டுக்கு வலி வந்தது அப்படித்தான். நீங்க ரசம் கேட்டீங்க. எனக்கு எந்திரிக்க மனசு வரல. ஆட்டுக்கு வலி வர வச்சேன். ரசத்த மறந்துட்டீங்க."

பேப்பர் முழுவதையும் பார்த்து எழுதினாலும் இது எனக்குக் கிடைத்திருக்காது. அதை அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அவள் சொல்வாள், நான் எழுதுவேன். எனக்குக் குமாஸ்தா வேலை!

மெதுவாகச் சொல்லு என்றால் அவளுக்குக் கோபம் வருகிறது. "நீங்க ஒரு எழுத்துப் போடுறதுக்குள்ள அந்த ஆடு அடுத்த ஈத்தும் ஈன்றுரும்" என்கிறாள். வேண்டுமானால் நீயே எழுது என்றேன். "எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்றாள். இருந்தாலும் ஆடு வலியில் படுக்கிற இடம் வரை வந்துவிட்டோம். இந்தத் தடவை ஆடு தாளில் இருக்கிறது. நான் எழுதிக்கொண்டே அதன் முதுகைத் தடவினேன் என்றால் நம்புவீர்களா?

நவம்பர் 22, சனி

திருடன் குட்டிகளோடு திரும்பி வந்து, மோர் குடித்து, அந்த வீட்டுக்காரி கேட்கிற கேள்வி வரை எழுதியாயிற்று. அப்போது மழை பிடித்துக்கொண்டது. "அவ ஒரு குட்டியக் குடுத்து அனுப்பிட்டான்னு எழுதி முடிங்க" என்று சொல்லிவிட்டு ஜெய்த்தூன் மாடிக்குத் துணி எடுக்க ஓடினாள்.

எழுதப் போனேன். எழுத முடியவில்லை. இத்தனை வருடம் இதையே வாயால் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போடும்போதுதான் அந்தக் குட்டி என் முன்னால் வந்து நின்றது. இன்றைக்குப் பிறந்த குட்டி. ஈரம்கூடக் காயவில்லை. தாயிடம் சீம்பால் குடிக்காத குட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் எல்லை தாண்டுமா? செத்துப்போகும். கொடுத்தவள் அந்த வீட்டுக்காரி. அவளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

நானே எழுதினேன்.

"இப்பப் பிரிச்சா செத்துப்போகும். தாயோட கெடக்கட்டும். பால் மறந்ததும் வந்து ஓட்டிட்டுப் போ" என்கிறாள் அவள். அவன் போய்விடுகிறான். மறுநாள் ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வருகிறான். கொல்லை வழியாக வந்து பழகியவனுக்கு அந்த வீட்டு முன்வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வேலியைச் சுற்றித் தேடிக்கொண்டு வருகிறான். அதற்கடுத்த நாளும் வருகிறான்.

அங்கே நிறுத்தினேன். போலீஸ் வரவில்லை.

சாயங்காலம் ஜெய்த்தூனுக்கு வாசித்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி பேசுகிற இடத்தில் ஓரக்கண்ணால் பார்த்தேன். முறத்தில் கை நின்றுவிட்டது! அல்லாவே, நின்றுவிட்டது. வேலியைச் சுற்றி வந்து, மறுநாளும் வந்து, கதை முடிகிற வரை அந்தக் கை அசையவில்லை.

முடிந்ததும் நிமிர்ந்தாள். "நான் இப்படிச் சொல்லலையே?"

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

"எங்க போட்டிருக்கு?"

"இங்கதான் எங்கயோ."

ஜெய்த்தூனுக்கு வந்த கோபத்தை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. "தெனமும் வருவானா? முன்வாசல் வழியா? அந்த வீட்டு ஆம்பள என்னா, பாத்துக்கிட்டு இருப்பானா? எங்க போனான் அந்த ஆளு?"

"சந்தைக்குப் போயிருக்கான்."

"தெனமுமா சந்த?"

ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை. நான் கேட்கவும் இல்லை. எவ்வளவு ருசியாக இருந்தது.

நவம்பர் 24, திங்கள்

டீச்சர் கதையை வாசித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"பால் மறந்தப்பறம் குட்டிய ஓட்டிட்டுப் போனானா பாய்?"

"அது எனக்கெப்படி டீச்சர் தெரியும்?"

"என்னா பாய் இப்படிச் சொல்றீங்க!" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். படித்தவர், வாத்தியாரம்மா, என் ஆட்டுக்காக என்னோடு சண்டைக்கு வருகிறார். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு உயரம் கூடிவிட்டது போல இருந்தது.

புத்தகத்துக்கு எடுத்துக்கொண்டார். பெயர் எழுதும்போது நான் தடுத்தேன்.

"ஆட்டுக்கு வலி வந்ததுல இருந்து மோர் வரைக்கும் ஜெய்த்தூன் பீவி. அதுக்கப்பறம் ஒலி முகமது. அப்படியே போட்டுருங்க."

"அப்படிக் கூறு போட்டெல்லாம் அச்சடிக்க முடியாது பாய்."

ஏன் முடியாது? கடைசியில் இரண்டு பெயரையும் சேர்த்துக் கீழே எழுதினார். அவள் பெயரை முதலில் எழுதச் சொன்னேன்.

நவம்பர் 25, செவ்வாய்

சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சொன்னேன். பாய்ந்துவிட்டாள்.

"அந்த முடிவுக்கு எம்பேரா? யாரக் கேட்டுப் போட்டீங்க? ஊரு என்னயத்தானே கேக்கும், அந்த வீட்டு ஆம்பள எங்கன்னு?"

என் நோட்டின் நடுவிலிருந்து தாள்களைக் கிழித்தாள். இந்த நோட்டுதான், நானே கடையில் கேட்டு வாங்கிய நோட்டு. என் பென்சிலையும் எடுத்துக்கொண்டாள். அடுப்பிலிருந்து உலையை இறக்கி வைத்துவிட்டுக் கதைக்கு வேறு முடிவு எழுத உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒரு எழுத்துக்கு ஆகிற நேரத்தில் அவளுக்கு ஒரு வரி ஓடுகிறது. ஜப்பாரின் மகளுடைய பேனாவைத் தேடி எடுத்து இதை எழுதுகிறேன்.

இன்றுதான் கடைசி நாள். நான் போய் டீச்சரை ஒரு நாள் பொறுக்கச் சொல்லவேண்டுமாம். வெளியே மழை கொட்டுகிறது. மத்தியானச் சோறும் இன்னும் ஆகவில்லை.

குடையை எடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். சட்டென்று கையால் மறைத்தாள். ஒரு வரிதான் கண்ணில் பட்டது. "சந்தையிலிருந்து வந்த புருஷன் வாசலில் முதலில் பார்த்தது கீரைக்கட்டை அல்ல." அதற்கு மேல் அவள் கை.

பிறகு எதைப் பார்த்தான்?

கேட்டேன். "போயிட்டு வாங்க" என்கிறாள். அந்தக் கையை எடுத்துவிட்டுச் சொன்னால் என்ன? கட்டிய புருஷன் கேட்கிறேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே இதை எழுதுகிறேன். எதைப் பார்த்தான் என்று தெரியாமல் நான் எப்படித் தெருவில் இறங்குவது?